அலங்கமும் கூக்குரலும்

நியூயார்க் நகரத் திருச்சபைகளின் நெகேமியா வாசிப்பு: ஒரு திறனாய்வு

நம் சபைகளில் நெகேமியாவின் நூல் பிரசங்க வாக்கியமாக எடுக்கப்படும் ஞாயிற்றுக்கிழமையில், சபையின் பொருளாளர் ஒரு நிதித் திட்டத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருப்பார் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆலயக் கோபுரம், சுற்றுச்சுவர், சமுதாயக் கூடம் ஆகியவற்றுக்காகவே அந்நூல் நம்மிடையே பெரும்பாலும் திறக்கப்படுகிறது. ஆனால் அதே நூலை 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரின் வறிய பகுதி ஒன்றிலிருந்த திருச்சபைகள் வேறு நோக்குடன் திறந்தன. ஆலயத்திற்குச் சுவர் எழுப்ப அன்று, கறுப்பின மக்களும் போர்ட்டோரிக்கோ மக்களும் சொந்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பதற்காகவே அவை நெகேமியாவை வாசித்தன. அவ்வாசிப்பு வீண்போகவில்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவை இன்றும் ‘நெகேமியா வீடுகள்’ என்றே வழங்கப்படுகின்றன.

இத்தகைய வாசிப்பை வியந்து பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆயினும் ஒரு திருமறை வாசிப்பு கனிகொடுத்திருக்கிறது என்பதனாலேயே அது ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. அது எதைக் கண்டது, எதைக் காணாமல் கடந்தது என்று கேட்பது இறையியல் கற்போரின் கடமை. இக்கட்டுரையில் நாம் அதையே செய்ய முயல்கிறோம்.

1. சுட்டெரிக்கப்பட்ட வாசல்கள்

நியூயார்க்கின் புரூக்ளினில், கிழக்கு ஓரமாய் அமைந்தவை பிரவுன்ஸ்வில், கிழக்கு நியூயார்க் என்னும் பகுதிகள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரவுன்ஸ்வில்லில் பெரும்பாலும் யூதத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்களும், போர்ட்டோரிக்கோத் தீவிலிருந்து குடிபெயர்ந்தோரும் அங்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் வந்தபோதே அந்நிலத்தின் மீது ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. 1930களில் நடுவண் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் அமெரிக்க நகரங்களுக்கு வரைபடங்கள் தயாரித்து, கடன் கொடுப்பதற்கு ஆபத்தானவை என்று தான் கருதிய பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் தீட்டிற்று. வறியோரும் வெள்ளையர் அல்லாதோரும் வாழ்ந்த பகுதிகளே பெரும்பாலும் சிவப்பாயின. 1934-இல் தோன்றிய நடுவண் வீட்டுவசதி நிர்வாகமும் இத்தகைய பகுதிகளின் கடன்களுக்குக் காப்புறுதி தர மறுத்து, புறநகர் வெள்ளையரின் வீடுகளுக்கு அதைத் தாராளமாய் வழங்கிற்று.

கடன் பெற முடிந்தவர்கள் புறநகருக்குப் போனார்கள். கடன் மறுக்கப்பட்டவர்கள் எஞ்சினார்கள். வாடகை மட்டும் வாங்கிக்கொண்டு, பழுதுபார்ப்பதை வீட்டுச் சொந்தக்காரர்கள் நிறுத்தினார்கள். பலர் வரியும் செலுத்தாமல் கட்டடங்களைக் கைவிட்டார்கள். 1970களில் தீ வைப்பு அன்றாட நிகழ்ச்சியாயிற்று. 1975-இல் நகராட்சியே நிதி நெருக்கடியில் வீழ்ந்து, இத்தகைய பகுதிகளுக்கான சேவைகளைக் குறைத்தது. எருசலேமின் அலங்கம் இடிபட்டதையும், வாசல்கள் அக்கினியால் சுட்டெரிக்கப்பட்டதையும் கேட்டு நெகேமியா அழுதான் என்று முதலாம் அதிகாரம் கூறுகிறது. கிழக்கு புரூக்ளினில் அதை வாசித்த சபைக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. ஆலயத்தின் கதவைத் திறந்தாலே போதும்.

2. கட்டுவோம் வாருங்கள்

1978-க்கும் 1980-க்கும் இடையில், இப்பகுதியின் புராட்டஸ்டண்டு, கத்தோலிக்கச் சபைகள் கூடி ‘கிழக்கு புரூக்ளின் திருச்சபைகள்’ என்னும் அமைப்பை உருவாக்கின. சால் அலின்ஸ்கி 1940-இல் சிகாகோவில் தொடங்கிய தொழிற்பகுதி அறநிறுவனத்தின் பயிற்சி முறையை அவை ஏற்றன. அம்முறையின் இரும்பு விதி, மக்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடியதை அவர்களுக்காக வேறெவரும் செய்யலாகாது என்பதாம். உதவி வழங்கும் அருள்பணிக்குப் பழகிப்போன நமக்கு இவ்விதி கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஏழையை நிரந்தர மனுதாரராக வைத்திருக்கும் இரக்கத்தைவிட இதில் அதிக மரியாதை உண்டு.

தொடக்கத்தில் அமைப்பு பெரிய காரியங்களைத் தொடவில்லை. தெருப் பெயர்ப்பலகைகள் காணாமற்போயிருந்தன. அவற்றைத் திரும்ப நிறுத்தும்படி நகராட்சியை வற்புறுத்தி வென்றது. கெட்டுப்போன உணவை விற்ற பல்பொருள் கடைகளுக்குச் சபை மக்களே குழுக்களாய்ச் சென்று சோதனையிட்டு, கடைக்காரரைத் திருத்தச் செய்தனர். பெயரில்லாத தெருவில் வாழ்கிறவர் முகவரியில்லாதவர். தீயணைப்பு வண்டியும் மருத்துவ வண்டியும் அவரைத் தேடி வந்து சேருவது கடினம். ஆகையால் பெயர்ப்பலகை அற்பமான வெற்றியன்று. நம் கோரிக்கைக்கு ஓர் அதிகாரி பணியவும் கூடும் என்பதை அம்மக்கள் அங்கே முதன்முதலாகக் கற்றனர்.

அதன் பின்னரே வீடு. அனுபவமிக்க கட்டடத் தொழிலரும் பத்திரிகைக் கட்டுரையாளருமான ஐ. டி. ராபின்ஸ், வரிசை வீடுகளைப் பெருந்தொகையாக ஒரே இடத்தில் கட்டினால் விலை குறையும் என்று காட்டினார். கட்டுமானத்திற்கான வட்டியில்லாச் சுழல்நிதியைத் திருச்சபைகளே திரட்ட முன்வந்தன. புரூக்ளின் கத்தோலிக்கப் பேராயர் பிரான்சிஸ் முகவேரோ, மிசூரி சினட் லுத்தரன் திருச்சபை, லாங் ஐலண்ட் எப்பிஸ்கோப்பல் மறைமாவட்டம் ஆகியோர் பெருந்தொகைகளை அளித்தனர். நகரத் தந்தை எட் கோச், வெறுமையாய்க் கிடந்த நிலத்தையும் வீடொன்றுக்கு 10,000 டாலர் வட்டியில்லாக் கடனையும் தர இசைந்தார். 1982 அக்டோபரில் பிரவுன்ஸ்வில்லில் நிலம் கொத்தும் விழா நடந்தது. 1987-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் இதே பெயரில் நாடளாவிய வீட்டுதவித் திட்டம் ஒன்றையும் சட்டமாக்கிற்று.

தூய பவுல் சமுதாய பாப்திஸ்து சபையில் 1974 முதல் ஊழியம் செய்துவந்த ஜானி ரே யங்பிளட் என்னும் கறுப்பின ஆயர், இவ்வமைப்பின் முதன்மைக் குரல்களில் ஒருவர். ‘புல்வேர்’ அமைப்பு என்று இத்தகைய இயக்கங்களை அழைப்பது அந்நாட்டு வழக்கு. அப்பெயரை அவர் மறுத்துரைத்தார். புல்லின் வேர் மேலோட்டமானது, எளிதில் பிடுங்கத்தக்கது. எங்கள் வேர்களோ உடைந்த கண்ணாடிகளுக்கு இடையே போராடி ஆழமாய் இறங்கியவை என்பது அவருடைய வாதத்தின் சாரம். வறியோரின் இயக்கத்தைத் திடீரென முளைத்துக் காய்ந்துபோகும் ஒன்றாகக் கருதுவோருக்கு இது தக்க மறுமொழி.

3. வாசிப்பு கண்டது

இத்திருச்சபைகளின் வாசிப்பில் மூன்று காரியங்களை நாம் மதிக்கிறோம்.

முதலாவது, பெயர்ப்பட்டியலுக்கு அது உயிர் கொடுத்தது. நெகேமியா மூன்றாம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் வேகமாய்க் கடந்துபோகிறோம். ஆனால் யார் எந்தப் பங்கைக் கட்டினார்கள் என்று அங்கே ஒவ்வொருவராய்க் குறிக்கப்பட்டிருக்கிறது. தட்டானும் தைலக்காரனும் கட்டினார்கள். சல்லூம் என்பவன் தன் குமாரத்திகளோடு கட்டினான். பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரேயுள்ள பங்கைக் கட்டினார்கள். தெக்கோவா ஊரார் கட்டியபோது அவ்வூர்ப் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்பதையும் ஆசிரியர் எழுதாமல் விடவில்லை. வீடு வீடாகச் சென்று, ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசி, அவர் எதைத் தோளில் ஏற்றத் தயார் என்று கேட்பதே அமைப்பாளரின் முதல் வேலை. வருகைப் பதிவேடு போன்ற அந்த அதிகாரத்தின் அருமை அப்படிப் பணிசெய்தவர்களுக்கே விளங்கும்.

இரண்டாவது, அதிகாரத்தைக் குறித்து அது வெட்கப்படவில்லை. 1960களின் தொடக்கத்தில் சிகாகோவின் உட்லான் பகுதியில், ஆர்தர் பிரேசியர் என்னும் பெந்தெகொஸ்தே ஆயரின் தலைமையில் கறுப்பின மக்கள் அமைப்பாகத் திரண்டபோது, ‘கிறிஸ்டியன் செஞ்சுரி’ என்னும் புராட்டஸ்டண்டு வார இதழ் அலின்ஸ்கியின் முறையை எதிர்த்து எழுதிற்று. மோதலும் பேரமும் சபைக்குத் தகாது என்பது அத்தகைய எதிர்ப்பின் கருத்து. அக்கண்டனம் நம்முடையதன்று. தனி மனிதர் மனந்திரும்பக்கூடும். ஆனால் ஆதாயத்தில் அமர்ந்திருக்கும் ஒரு கூட்டம் வற்புறுத்தலின்றி எழுந்து இடம் கொடுப்பதில்லை என்பதை ரைன்ஹோல்டு நீபூர் 1932-இலேயே விளக்கினார். நெகேமியாவும் வெறுங்கையோடு வரவில்லை. ராஜாவின் கடிதங்களும், ராஜாவின் வனத்து மரங்களுக்கான கட்டளையும் அவனிடம் இருந்தன. நகரத் தந்தையின் நிலமும் பேராயர்களின் பணமும் புரூக்ளினுக்கு அப்படிப்பட்ட மரங்களே.

மூன்றாவது, அலங்கத்தோடு அது நிற்கவில்லை. அலங்கம் ஐம்பத்திரண்டு நாளில் முடிந்தது என்று ஆறாம் அதிகாரம் கூறுகிறது. ஏழாம் அதிகாரமோ, நகரம் விசாலமானது, ஜனங்கள் கொஞ்சம், வீடுகள் கட்டப்படவில்லை என்று தொடர்கிறது. நம் கட்டட நிதிப் பிரசங்கங்கள் எட்டாத அவ்வசனத்தில் இச்சபைகள் தங்கள் பணியைக் கண்டுகொண்டன.

4. வாசிப்பு கடந்துபோனது

ஆயினும் திட்டத்துக்குப் பெயர் தந்தது கட்டுகிற நெகேமியாவே. அப்பெயர் பரவிய இடங்களிலெல்லாம், கட்டுகிறவர் உள்ளே, பரிகாசம் செய்கிற சன்பல்லாத்தும் தொபியாவும் வெளியே என்னும் காட்சியும் கூடவே சென்றது. நகராட்சி அலுவலர், வங்கி, வீட்டைக் கைவிட்ட சொந்தக்காரர் ஆகியோரைச் சன்பல்லாத்தின் இடத்தில் நிறுத்துவது கடினமன்று. இவ்வமைப்பின் வரலாற்றைச் சொல்லும் பலரும் அவ்வாறே சொல்லுகின்றனர். நமது கண்டனம் இங்கேதான் தொடங்குகிறது.

கட்டுமானத்தின் நடுவே, ஐந்தாம் அதிகாரத்தில், ஒரு கூக்குரல் எழும்புகிறது. ஜனங்களும் அவர்களுடைய மனைவிகளும் முறையிடுகிறார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடைமானம் வைத்தோம்; வரி செலுத்தக் கடன் வாங்கினோம்; பிள்ளைகளை அடிமைப்படுத்த வேண்டியதாயிற்று என்கிறார்கள். இம்முறையீடு சன்பல்லாத்துக்கு விரோதமானதன்று. யூதராகிய தங்கள் சகோதரருக்கு விரோதமானது. ஒரே அலங்கத்தைக் கட்டுகிறவர்களுக்குள் ஒருவன் மற்றவனுடைய வீட்டை விழுங்கிக்கொண்டிருந்தான்.

மக்களை அணிதிரட்டும் பணியின் உண்மையான அதிகாரம் இதுவே என்பது நம் கருத்து. நெகேமியா மிகவும் கோபங்கொண்டான். ஆனால் உடனே பாயவில்லை. தனக்குள்ளே ஆலோசனை பண்ணினான். டெக்சாஸ் மாநிலத்தில் எர்னஸ்டோ கோர்ட்டேஸ் வழிநடத்திய அமைப்புகளைப் பற்றி 1990-இல் வெளிவந்த நூலுக்கு ‘குளிர்ந்த கோபம்’ என்றே பெயரிடப்பட்டது. நெகேமியாவினுடையதும் அத்தகைய கோபமே. பின்பு அவன் பிரபுக்களைக் கடிந்துகொண்டு, அவர்களுக்கு விரோதமாய் ஒரு பெரிய சபையைக் கூட்டுகிறான். எல்லாருக்கும் முன்பாகக் கோரிக்கை வைக்கப்படுகிறது, பதில் பெறப்படுகிறது, ஆசாரியர் முன்னிலையில் ஆணை வாங்கப்படுகிறது, மக்கள் ஆமென் என்கிறார்கள். அதிகாரியை மேடையேற்றி, ஆயிரம்பேர் முன்னிலையில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லவைக்கும் பொறுப்புரைக் கூட்டங்களை இவ்வமைப்புகள் நடத்துவதுண்டு. அவற்றுக்குத் திருமறையில் இதைவிட நெருங்கிய முன்மாதிரியை நாம் அறியோம். செயல்முறை ஐந்தாம் அதிகாரத்தினுடையது; பெயரோ மூன்றாம் அதிகாரத்திலிருந்து வந்தது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. வீட்டைக் கட்டிக் கொடுப்பது ஒரு பணி. வீட்டை விழுங்கும் கடனை முறிப்பது வேறொரு பணி. சிகாகோவின் லான்டேல் பகுதியில், வங்கிக் கடன் மறுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு இடைத்தரகர்கள் தவணை ஒப்பந்தத்தில் வீடு விற்றார்கள். மலிவாய் வாங்கி மிகுந்த விலைக்கு விற்கப்பட்ட அவ்வீடுகளின் உரிமைப் பத்திரம் கடைசித் தவணை வரையில் விற்றவரிடமே இருக்கும். ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். 1968-இல் ஜாக் மக்னமாரா என்னும் இயேசு சபை இறையியல் மாணவர், பதிவேடுகளைத் தேடி விலை வேறுபாட்டை வெளிப்படுத்தத் துணைநின்றார். மக்கள் ‘ஒப்பந்தத்தில் வாங்கியோர் கழகம்’ அமைத்துத் தவணைகளைச் செலுத்த மறுத்தனர். நீதிமன்றத்தில் அவர்களுடைய பெருவழக்குகள் தோற்றன. ஆயினும் பல குடும்பங்களின் ஒப்பந்தங்கள் திருத்தி எழுதப்பட்டன. அதே நகரில் கேல் சின்கோட்டா என்னும் இல்லத்தரசியின் முன்னணியில் பக்கத்துத் தெரு மக்கள் தொடங்கிய போராட்டம், வங்கிகள் எங்கே கடன் கொடுக்கின்றன என்று வெளியிடச் செய்த 1975-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும், வறிய பகுதிகளுக்கும் கடன் வழங்கக் கடமைப்படுத்திய 1977-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் வழிவகுத்தது. இவை கல் வைத்துக் கட்டிய கதைகள் அல்ல. ஐந்தாம் அதிகாரத்தின் கதைகள்.

பால்ட்டிமோர் நகரில் இன்னும் நெருங்கிய சான்று உண்டு. அங்குள்ள ஆயர்கள், தங்கள் ஆலயங்களில் இலவச உணவுக்கு வருவோரில் பலர் வேலையில்லாதவர் அல்லர், வேலை செய்தும் வயிறு நிறையாதவர் என்று கண்டனர். நகராட்சியின் ஒப்பந்தக்காரர்களிடம் உழைப்போரும் அவர்களில் இருந்தனர். சபைகளின் அமைப்பாகிய ‘பில்டு’ போராடி, 1994-இல் வாழ்வூதியச் சட்டத்தை நிறைவேற்றச் செய்தது. அந்நாட்டு நகரங்களில் அவ்வகைச் சட்டங்களுக்கு அது முன்னோடி. உணவு வரிசையில் நின்றவரை ‘நீர் எங்கே வேலை செய்கிறீர்?’ என்று கேட்ட கேள்வியே அதன் வித்து.

வீட்டுத் திட்டத்தின் எல்லையும் இங்கே தெரிகிறது. நெகேமியா வீடுகள் மலிவானவை. எனினும் அவை விற்கப்பட்டவை. நிலையான வருமானமுள்ள உழைப்பாளிக் குடும்பத்துக்கு அவை திறந்திருந்தன, அதுவுமில்லாதவருக்குத் திறக்கவில்லை. அருமையான நகர நிலத்தில் தாழ்ந்த வரிசை வீடுகளைப் பரப்புவதால் குறைந்த குடும்பங்களே இடம்பெறும் என்று நகரத் திட்டவல்லுநர் சிலர் அன்றே கூறினர். குடிமகனுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் வேண்டும் என்ற சபைகளின் பதிலும் நியாயமானதே. இரண்டு நியாயங்களுக்கும் நடுவே, வீடு வாங்க இயலாதவரின் கூக்குரலைக் கேட்கும் காது சபைக்கு வேண்டும். கட்டுகிற நெகேமியாவை மட்டும் அறிந்த சபைக்கு அக்காது எளிதில் வாய்ப்பதில்லை.

5. அலங்கத்தின் மறுபுறம்

நூலின் கடைசி அதிகாரத்தையும் தவிர்க்கலாகாது. அந்நிய ஸ்திரீகளை மணந்தவர்களை நெகேமியா சபித்து, சிலரை அடித்து, அவர்கள் மயிரைப் பிய்த்ததாக அங்கே வாசிக்கிறோம். அலங்கம் கட்டிய கையே இதையும் செய்தது.

அலின்ஸ்கியின் முதல் அமைப்பு, 1939-இல் சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளின் பின்புறத்தில் தோன்றிய ‘பேக் ஆஃப் தி யார்ட்ஸ்’ மன்றம். தங்களுக்குள் பகைத்திருந்த ஐரோப்பியக் குடியேறிகளின் பங்குச் சபைகளை அது ஒன்றாக்கிற்று; ஒடுக்கப்பட்ட தொழிலாளரை நிமிரச் செய்தது. பிற்காலத்திலோ, கறுப்பினத்தவர் அப்பகுதியில் குடியேறாதபடி காக்கும் கோட்டையாயிற்று. அலின்ஸ்கியே அதை வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். அங்கே முறை பழுதுபடவில்லை. முறை நன்றாகவே வேலை செய்தது. ‘நம் மக்களின் நலன்’ என்பதை மட்டும் அடித்தளமாகக் கொண்ட அமைப்பு, நம் மக்கள் யார் என்ற கேள்வியை எழுப்பாவிட்டால், நேற்றைய ஒடுக்கப்பட்டோர் இன்றைய காவற்காரர் ஆவார்கள். ஜேம்ஸ் கோன் 1969-இல் கறுப்பின இறையியலை முன்வைத்தபோது வெள்ளைத் திருச்சபையிடம், அதன் விசுவாசம் யார் பக்கம் நிற்கிறது என்று கேட்டார். சுயநலனைக் கணக்கிடும் பயிற்சியால் மட்டும் அக்கேள்விக்கு விடை கிடைக்காது.

திருமறையே நெகேமியாவுக்கு மறுப்புரை வைத்திருக்கிறது. மோவாபியப் பெண்ணாகிய ரூத்தின் நூலும், அந்நிய புத்திரருக்கும் ஜெபவீட்டில் இடமுண்டு என்னும் ஏசாயா ஐம்பத்தாறாம் அதிகாரமும், பகையாகிய நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்னும் எபேசியர் நிருபமும் அதே திருமறையில் உள்ளன. அலங்கம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தீயும் கொள்ளையும் சூழ்ந்த தெருவில் வாழ்கிறவரிடம் சுவர் கூடாதென்பது, பாதுகாப்பான வீட்டில் இருப்பவரின் உபதேசம். ஆனால் அலங்கத்துக்கு வாசல்களும் உண்டு. அவை யாருக்குத் திறக்கின்றன என்பதைக் கட்டும்போதே கேட்கவேண்டும்.

6. நமக்குரியது

இம்முறை நம்மை எட்டாத தொலைவில் நின்றுவிடவில்லை. 1970-இல் மணிலாவின் தொண்டோ குடிசைப் பகுதியில் திருச்சபைகளின் துணையோடு அது ஆசியாவில் வேரூன்றிற்று. 1979-இல் பம்பாய் தாராவியில் ‘பிரவுட்’ என்னும் மக்கள் அமைப்பு அதே வழியில் தோன்றியது. தாராவியின் குடிகளில் பெருந்தொகையினர், தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற கூலிக்கும் திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்.

எனவே இவ்வாசிப்பின் நிறையும் குறையும் நம்முடைய ஆராய்ச்சிக்கும் உரியவை. குறிப்பாக ஐந்தாம் அதிகாரத்தின் பத்தாம் வசனத்தை அருள்பணியாளர் அனைவரும் தனிமையில் வாசிக்க வேண்டுகிறோம். வட்டி வாங்கும் பிரபுக்களைக் கடிந்த நெகேமியா, தானும் தன் சகோதரரும் ஊழியக்காரரும் அவ்வாறே கடன் கொடுத்திருப்பதை அங்கே சபை முன் ஒப்புக்கொள்கிறான். இதை நாம் விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்தே சொல்கிறான். மறுப்பதற்குப் பிரபுக்களுக்கு வழியில்லாமற்போனதற்கு இவ்வறிக்கையும் ஒரு காரணம் என்று நாம் எண்ணுகிறோம். பின்னரும் அவன் பன்னிரண்டு ஆண்டுகள் அதிபதிக்குரிய படியை வாங்காமல் இருந்தான்.

ஏழைகளின் குடியிருப்புக்குள் நீதியைப் பற்றிப் பேசப் புறப்படும் திருச்சபை, முதலில் தன் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவேண்டியிருக்கிறது. ஆலய வளாகத்தைப் பெருக்குகிறவருக்கும், விடுதியில் சமைக்கிறவருக்கும், பள்ளியில் காவலிருக்கிறவருக்கும் நாம் எவ்வளவு கொடுக்கிறோம்? சபைக்குச் சொந்தமான நிலத்திலும் கடையிலும் குடியிருப்பவர் நம்மைக் குறித்து எங்கே முறையிடுவார்? அம்முறையீட்டைக் கேட்க நாம் ஒரு பெரிய சபையைக் கூட்டத் துணிவோமா? இக்கேள்விகளுக்கு விடை சொல்லாமல் நாம் நகராட்சியின் வாசலில் நின்றால், நம்மைக் காட்டிலும் அவ்வாசலில் இருப்பவர் நம்மை நன்றாக அறிந்திருப்பார்.

கிழக்கு புரூக்ளின் சபைகள் நெகேமியாவைக் கட்டட நிதியிலிருந்து மீட்டுத் தெருவுக்குக் கொண்டுவந்தன. அதற்காக நாம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். அடுத்த முறை நம் பொருளாளர் நிதித் திட்டத்தோடு முன்வரிசையில் அமரும்போது, மூன்றாம் அதிகாரத்தை வாசித்த பின், அதே ஆராதனையில் ஐந்தாம் அதிகாரத்தையும் வாசிப்போமாக. காணிக்கைத் தட்டு அன்று சற்றுத் தாமதமாகவே சுற்றிவரட்டும்.